புது பேட்டரி என்று சொல்லி என் பழைய யுபிஎஸ் பேட்டரியையே திருப்பித் தந்த கடை

யுபிஎஸ் பேட்டரி மாற்றக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் 1,300 ரூபாய் ஏமாந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றையும் இழந்தேன்.

வீட்டில் ஒரு சின்ன சர்வர் வைத்திருக்கிறேன். மினி பிசி, இரண்டு ஹார்டு டிஸ்க், பக்கத்தில் ரவுட்டர். எல்லாம் சேர்ந்து 45 வாட்டுக்குள் அடங்கும். அதற்கு ஒரு 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யுபிஎஸ், உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி. (600 என்று போட்டிருந்தாலும் அது தாங்குவது 360 வாட்தான், வாங்கும்போது வாட் கணக்கைப் பாருங்கள்.) புதிதில் கரண்ட் போனால் 35 நிமிடம் தாங்கியது. மதுரை வெயிலில் மூன்றாவது வருடமே எட்டு நிமிடமாகிவிட்டது. சரி, மாற்றிவிடலாம் என்று டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பேட்டரி 1,150, கூலி 150. “வச்சிட்டுப் போங்கண்ணே, சாயங்காலம் வாங்கிக்கலாம்” என்றார்கள். வைத்துவிட்டு வந்தேன்.

மாலையில் கொண்டுவந்து மாட்டியதும் சர்வரில் ஓடும், யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருளில் பார்த்தேன். சார்ஜ் 100 சதவீதம், வோல்டேஜ் 13.6. அதை நம்பினேன்.

அந்த எண்ணை நம்பவே கூடாது. கரண்ட் இருக்கும்வரை யுபிஎஸ் தன் சார்ஜர் வோல்டேஜைத்தான் பேட்டரி வோல்டேஜ் என்று காட்டும். விலை குறைந்த யுபிஎஸ்களில் சதவீதமும் அந்த வோல்டேஜை வைத்துப் போடும் கணக்குதான். செத்த பேட்டரியும் 100 என்றே காட்டும்.

பன்னிரண்டாம் நாள் இரவு கரண்ட் போனது. பேட்டரி வோல்டேஜைப் பத்து விநாடிக்கு ஒரு வரியாக எழுதும் பதிவு என்னிடம் இருக்கிறது: 13.6, 12.1, 11.7, 11.2, 10.6. அதோடு சரி, அடுத்த வரி இல்லை. ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ‘பேட்டரி குறைவு’ என்று யுபிஎஸ் சொன்ன பிறகு சர்வரை அணைக்கும்படி வைத்திருந்தேன். அதைச் சொல்லக்கூட அதற்கு நேரம் இருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துப் போட்டோ டேட்டாபேஸில் தகவல் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. அப்பாவின் பழைய ஆல்பங்களை ஸ்கேன் செய்து, யார் யார் என்று அம்மா சொல்லச் சொல்லப் பெயர் போட்டுக்கொண்டிருந்தோம். படங்கள் தப்பின. டேட்டாபேஸ் கெட்டுப்போய், ஆறு நாள் முந்தைய பேக்கப்பில் இருந்துதான் மீட்க முடிந்தது. அந்த ஆறு நாளில் அம்மா சொன்ன பெயர்கள் அத்தனையும் போய்விட்டன.

மறுநாள் யுபிஎஸ்ஸைக் கழற்றினேன். பேட்டரி மேல் பளபளவென்று புது ஸ்டிக்கர், அதில் பேனாவால் எழுதிய தேதி. ஓரத்தை நகத்தால் கிளப்பினால் அடியில் மங்கிய இன்னொரு ஸ்டிக்கர். முனைகளில் ஏற்கெனவே வயர் மாட்டிக் கழற்றிய கீறல்கள். பக்கவாட்டில் ஒரு ஃபோம் துணுக்கு ஒட்டியிருந்தது. யுபிஎஸ் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் ஃபோமில் சரியாக அதே வடிவத்தில் ஒரு கிழிசல். அதாவது, அது என் பேட்டரியேதான். துடைத்து, சார்ஜ் ஏற்றி, ஸ்டிக்கர் ஒட்டித் தந்திருக்கிறார்கள்.

கடையில் போய்ப் பதிவைக் காட்டினேன். “சாஃப்ட்வேர் தப்பா காட்டும்ணே.” ஃபோம் துணுக்கைக் காட்டியதும் பேச்சு மாறியது. பில்லில் பேட்டரி எண் எதுவும் இல்லாததால் என்னால் மேலே பேச முடியவில்லை. 500 ரூபாய் கொடுத்தார்கள். மீதிக்கு இன்றுவரை பதில் இல்லை.

தயவுசெய்து உங்கள் கண் முன்னாலேயே மாற்றச் சொல்லுங்கள், பழைய பேட்டரியைக் கையில் வாங்குங்கள். பேட்டரியில் அச்சடித்த எண்ணைப் பில்லில் எழுதாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை யுபிஎஸ்ஸில் மாட்டி, யுபிஎஸ்ஸுக்கு வரும் கரண்ட்டை அணைத்து, கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டுப் பாருங்கள். நல்ல பேட்டரி அசையாது.

வீட்டிலும் மாதம் ஒருமுறை சர்வரை முறையாக அணைத்துவிட்டு, அதே பல்பை மாட்டி எத்தனை நிமிடம் நிற்கிறது என்று குறித்து வையுங்கள். கரண்ட்டை நிறுத்த யுபிஎஸ் பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் போய்விடும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதும். அப்புறம், ‘பேட்டரி குறைவு’ என்று வரும்வரை காத்திருக்காமல், கரண்ட் போய் இத்தனை விநாடி ஆனால் சர்வரை அணை என்று நட்டிலேயே டைமர் வைக்கலாம். நான் இப்போது அறுபது விநாடி வைத்திருக்கிறேன். ஆனால் என் அன்றைய பேட்டரிக்கு அதுவும் எட்டியிருக்காது என்பதால்தான் அந்த மாதாந்திரச் சோதனையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

வேறு கடையில், பக்கத்தில் நின்று, புது பேட்டரி போட்டாயிற்று. அம்மாவும் நானும் நேற்று இரவு மறுபடி அந்த ஆல்பத்தைத் திறந்தோம். போன தடவை தயங்காமல் சொன்ன இரண்டு பேரின் பெயர் அம்மாவுக்கு இந்தத் தடவை நினைவுக்கு வரவில்லை.