இந்தியா மார்க் 2 அடிபம்பு: மேலே குறையில்லை, கீழேதான் வேலை

இரண்டு நாள் கரன்ட் போனால் மேல்நிலைத் தொட்டி காலி. அடிபம்புக்கு அந்தக் கவலை இல்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் ஊருக்கு ஒரு மார்க் 2 இருக்கட்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர் கைப்பம்பின் வழியில் வடிவமைத்து, 1970களில் கோவைப் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளில் (போர்) வைத்து அடித்துப் பார்த்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் ஆலையில் உற்பத்திக்குப் போன பம்பு இது.

மேல்பாகத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. கைப்பிடி ஒரே அச்சில், இரண்டு பேரிங்கில் ஆடுகிறது. கைப்பிடியிலிருந்து கீழே பிஸ்டன்வரை போகும் இரும்பு ராடு செயினில் தொங்குவதால் நேராக ஏறி இறங்குகிறது. மாதம் ஒருமுறை முன்மூடியைத் திறந்து செயினுக்குக் கிரீஸ் வைத்து, பாகங்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் (தட்டை விளிம்பு) போல்ட்டுகளை 19 ஸ்பேனரால் இறுக்கினால் போதும்.

ஆனால் செயின் இழுக்கும், தள்ளாது. போருக்குள் இருக்கும் சிலிண்டரில் பிஸ்டன் கீழே இறங்குவது ராடுகளின் எடையால்தான். ஆழம் குறைந்த போரில் நாலைந்து ராடுதான் இருக்கும்; பிஸ்டனைச் சுற்றியுள்ள புது ரப்பர் வாஷரும் இறுக்கமாக இருந்தால், கைப்பிடி மேலே போகும், பிஸ்டன் அப்படியே நிற்கும். செயின் மடங்கி, அடுத்த அடியில் ‘டக்’கென்று வெட்டும். பம்பு மட்டம் என்று பழி வரும். அங்கே செயினுக்குப் பதில் மடங்காத இரும்பு இணைப்பு (சாலிட் லிங்க்) வைத்த மாடல் வாங்க வேண்டும்.

சிலிண்டர் உள்விட்டம் 63.5 மி.மீ., பிஸ்டன் ஏற்றம் 125 மி.மீ. கணக்குப் போட்டால் ஓர் அடிக்கு, அதாவது கைப்பிடியை ஒருமுறை அடித்தால், கிட்டத்தட்ட 400 மில்லி. 40 அடிக்குக் குறைந்தது 15 லிட்டர், அதாவது ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைய வர வேண்டும். 250 பேருக்கு ஒரு பம்பு, தலைக்கு 40 லிட்டர் என்பது பழைய அரசு அளவுகோல். நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றாலும் அந்த 10,000 லிட்டருக்கு 11 மணி நேரம் கை ஓயாமல் அடிக்க வேண்டும்! காகிதத்தில்தான் நடக்கும். 100 பேருக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம்.

பழுது எங்கே என்று மேலிருந்தே கண்டுபிடிக்கலாம். தண்ணீர் வரும்வரை அடித்து, அரைமணி விட்டு மறுபடி அடியுங்கள். ஐந்து அடிக்கு மேல் ஆனால் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் கீழ் வால்விலோ குழாய் இணைப்பிலோ கசிவு. உடனே வந்து, 40 அடிக்கு 10 லிட்டர்கூடத் தேறாவிட்டால் வாஷர் தேய்ந்திருக்கும். கைப்பிடி வெறுமனே லேசாக ஆடினால் ராடு கழன்றோ அறுந்தோ போயிருக்கும். நாலு குடம் வந்து நின்று, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தால் பம்பில் கோளாறு இல்லை. நீர்மட்டம் சிலிண்டருக்குக் கீழே போய்விட்டது. போரில் ஆழம் இருந்தால் இரண்டு குழாய் சேர்த்து இறக்கலாம்.

உண்மையான தொல்லை இனிமேல்தான். சின்ன வாஷரை மாற்ற மொத்தக் குழாயையும் தூக்க வேண்டும். 30 மீட்டருக்குப் பத்துக் குழாய். ராடு, உள்ளே நிற்கும் தண்ணீர் எல்லாம் சேர்த்தால் 150 கிலோ வரும். குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் நழுவினால் அத்தனையும் போருக்குள். இதற்கு மாற்றாகத்தான் 1980களில் கோவையிலேயே சோதித்து மார்க் 3 வந்தது. அதில் குழாய் 65 மி.மீ.; பிஸ்டனும் கீழ் வால்வும் ராடோடு மேலே வந்துவிடும், குழாயைத் தொட வேண்டாம். சிலிண்டர் 30 மீட்டருக்குள் நிற்கும் ஊர் என்றால் யோசிக்காமல் மார்க் 3. அதற்கும் ஆழம் என்றால் அந்தக் குழாயின் எடையே வினை. மார்க் 2 தேவலை.

தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 6.5-க்குக் கீழே இருந்தால் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் வேண்டாம். துத்தநாகப் பூச்சு கரைந்து, காலையில் முதல் குடம் செங்காவியாக வரும். பிறகு மரை அறுந்து குழாய் உள்ளே விழும். எவர்சில்வர் ராடும், கைப்பம்புக்கென்றே வரும் தடித்த பி.வி.சி. குழாயும் போடுங்கள்.

வாங்கும்போது ஐ.எஸ். 15500 என்ற இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். ராடு மரைக்கு மூடி போட்டு வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நசுங்கிய மரைதான் முதலில் அறும். பீடத்தைக் கான்கிரீட்டில் ஊன்றிய பின் ஏழு நாள் நீராற்றாமல் யாரையும் அடிக்க விடாதீர்கள். பீடம் ஆடினால் மேடை வெடித்து, அழுக்குத் தண்ணீர் கேசிங் (போரின் வெளிக்குழாய்) ஓரமாகவே உள்ளே இறங்கும்.