பெங்களூரு கப்பன் பார்க் குழந்தைகள் ஓட்டம்: சேர்க்கலாம், தண்ணீர் மட்டும் உங்கள் பொறுப்பு
ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க்குக்குள் வண்டி விடமாட்டார்கள் என்பதால் அந்தக் கவலை இல்லை. 2 கிலோமீட்டர் ஓட்டம், மகளுக்கு ஏழு வயது, அப்பாவோ அம்மாவோ கூடவே ஓடலாம் என்று அனுமதித்ததுதான் ஓட்டத்தை நடத்தியவர்கள் செய்த நல்ல காரியம். பாதி வழியில் விலா பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது, கையைப் பிடித்து மெதுவாக நடக்கவைத்து, மூச்சை நீளமாக விடச் சொல்லி, "அந்த மூங்கில் புதர் வரைக்கும்தான்டி கண்ணு" என்று இடம் இடமாகக் காட்டிக் கூட்டிப்போக முடிந்தது. ஆனால் தண்ணீர் முடிவுக்கோட்டில் மட்டும்தான், அதுவும் சின்னக் கைகளால் திறக்க முடியாத பாட்டில், யார் யோசித்தார்களோ! மைக் பிடித்தவர் "ஃபாஸ்ட், ஃபாஸ்ட்" என்று கத்தியது அதைவிட எரிச்சல். கடைசியில் வந்தவர்களுக்கும் பதக்கம் மிச்சம் வைத்திருந்தார்கள், சரி. அப்புறம், கிளம்பும் முன் பிள்ளைக்கு வயிறு முட்ட இட்லி கொடுக்காதீர்கள்.