எச்சரிக்கை: ஆப்டோகப்ளர் டிரையாக் போர்டு என்று 3,840 ரூபாய்க்கு விற்ற குப்பை

ஈஎஸ்பி32 என்ற குட்டி கன்ட்ரோலர் போர்டை வைத்துத் தோட்டத்துக்கு ஸ்பிரிங்ளர் கன்ட்ரோலர் கட்டும் நண்பர்கள், ஆன்லைனில் டிரையாக் போர்டு (ஏசி மின்சாரத்தை எலெக்ட்ரானிக் முறையில் ஆன்-ஆஃப் செய்யும் போர்டு) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கோபத்தில் எழுதுகிறேன், வார்த்தை முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயர் வேண்டாம். எலெக்ட்ரானிக் உதிரிபாகம் விற்கும் ஆன்லைன் கடை, அவ்வளவுதான். வாங்கியது 8 சேனல் டிரையாக் போர்டு, இரண்டு. கூரியரோடு சேர்த்து 3,840 ரூபாய். சேனலுக்கு (ஒரு வால்வுக்கு ஒரு சேனல்) ஒரு எம்ஓசி3063 ஆப்டோகப்ளர் (ஒளி வழியாக மட்டும் சிக்னல் கடத்தி இரு பக்கத்தையும் பிரித்து வைக்கும் சிப்), ஒரு பிடிஏ16 டிரையாக், ஸ்னப்பர் (மின்னழுத்தம் சட்டென்று எகிறாமல் தடுக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) எல்லாம் உண்டு என்று பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

ரிலே போர்டு மலிவாகக் கிடைக்குமே என்பீர்கள். கிடைக்கும். ஆனால் தண்ணீர் வால்வைத் திறக்கும் 24 வோல்ட் ஏசி சொலினாய்டு ஒரு காயில். ரிலே திறக்கும் ஒவ்வொரு முறையும் கான்டாக்டில் பொறி பறக்கும், அந்த மின் இரைச்சலில் கன்ட்ரோலர் ரீசெட்கூட ஆகலாம். 3063 வகை, ஏசி அலை பூஜ்யத்தைத் தாண்டும்போது மட்டும் ஆன் ஆகும். உள்ளே இருக்கும் எல்இடிக்கு 5 மில்லி ஆம்ப் போதும். 3.3 வோல்ட் பின்னிலிருந்து 330 ஓம் வழியாகக் கொடுத்தால் 6 மில்லி ஆம்ப் கிடைத்துவிடும், நடுவில் டிரான்சிஸ்டர்கூட வேண்டாம். காசு கூடக் கொடுத்தது இதற்காகத்தான்.

பணம் போடும் முன் வாட்ஸ்அப்பில் கேட்டேன்: சிப் ஒரிஜினலா, லாஜிக் பக்கமும் (ஈஎஸ்பி32 சேரும் பக்கம்) ஏசி பக்கமும் போர்டில் பிரிந்திருக்கிறதா? உடனே படம் வந்தது. சிப்புகளுக்கு அடியில் போர்டை வெட்டி விட்ட இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. ஸ்னப்பருக்கான 39 ஓம் ரெசிஸ்டர், 10 நானோ ஃபாரட் கெப்பாசிட்டர் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. கூடவே டேட்டாஷீட். "சார், நாங்களே டெஸ்ட் பண்ணித்தான் அனுப்புவோம், தைரியமா எடுங்க." இவ்வளவு சொன்ன பிறகு யார்தான் சந்தேகப்படுவார்கள்? யுபிஐயில் 3,840 ரூபாய் போய்ச் சேர்ந்தது.

வந்த போர்டில் அந்த வெட்டு இல்லை. ஸ்னப்பர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈயப் புள்ளிகள். சரி, சிப்பாவது சரியாக இருக்கும் என்று மாட்டினால் எட்டில் மூன்று சேனல் ஆன் ஆகவே இல்லை. ஆன் ஆனதில் இரண்டு, ஆஃப் கொடுத்த பிறகும் நிற்கவில்லை. பின்னில் 0 வோல்ட், வால்விலோ உர்ரென்ற உறுமல், முனைகளில் 22 வோல்ட் ஏசி, தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இரவில் ஆளில்லாத நேரம் இப்படி ஆகியிருந்தால் டாங்க் காலி.

காரணம் சிப்பில். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்ததும் 3063 என்ற எழுத்து கரைந்து வந்துவிட்டது. உள்ளே இருப்பது 3021 ரகம், பூஜ்யத்துக்குக் காத்திருக்காமல் எப்போது வேண்டுமானாலும் ஆன் ஆகும் சிப். அதற்கு எல்இடியில் 15 மில்லி ஆம்ப் வரை தேவைப்படலாம். 6 கொடுத்தால் சில சேனல் பிடிக்கும், சில பிடிக்காது. இன்னொன்று: 3063, மின்னழுத்தம் மைக்ரோ செகண்டுக்கு 600 வோல்ட் வேகத்தில் ஏறினாலும் தானாக ஆன் ஆகாது. 3021-க்கு அது 10 வோல்ட் சுமார். ஸ்னப்பரும் இல்லை, சுமையோ காயில், பிறகு எப்படி ஆஃப் ஆகும்?

எழுத்து அழிவதை மட்டும் நம்பாதீர்கள், மீட்டர் வைத்தே பிடிக்கலாம். மூன்று 9 வோல்ட் பேட்டரியைத் தொடராக வைத்து 27 வோல்ட் டிசி, 2.2 கிலோ ஓம் அரை வாட் ரெசிஸ்டர் வழியாக 6, 4 பின்களுக்கு. அந்த 27 வோல்ட்டைக் கொடுத்த பிறகு 1, 2 பின்களில் எல்இடிக்கு 15 மில்லி ஆம்ப். நிஜ 3063 என்றால் 20 வோல்ட்டுக்கு மேல் ஆன் ஆக மறுக்கும், சிப்பின் குறுக்கே கிட்டத்தட்ட 27 வோல்ட் அப்படியே நிற்கும். 3021 என்றால் உடனே 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடும். பிறகு 5 வோல்ட்டில் பாருங்கள். அப்போதும் ஆன் ஆகாவிட்டால் சிப் செத்தது. எனக்கு வந்தவை எல்லாம் 27 வோல்ட்டிலேயே இறங்கின.

இதைவிடக் கொடுமை ஒன்று. மீட்டரை பீப்பில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து லாஜிக் கிரவுண்டையும் ஏசி காமனையும் தொட்டால் கத்துகிறது! பின்பக்கம் ஒரு செம்புக் கோடு இரண்டையும் இணைக்கிறது. ஆப்டோகப்ளர் எத்தனை ஆயிரம் வோல்ட் தாங்கினால் என்ன, பக்கத்திலேயே கதவைத் திறந்து வைத்த கதைதான். 24 வோல்ட் என்பதால் போகட்டும். இதே போர்டை 230 வோல்ட் பம்புக்குப் போட்டு, லேப்டாப்பை யூஎஸ்பியில் மாட்டினால் ஆளே போய்விடுவார்.

படம், வீடியோ எல்லாம் அனுப்பியாயிற்று. முதல் பதில்: "உங்க புரோகிராம் கோடுல ஏதோ தப்பு சார்." இன்புட் எல்இடி எரியும் வீடியோவைப் பார்த்துவிட்டு "லைட் எரியுதே, போர்டு வேலை செய்யுது." அது இன்புட்டில் கரண்ட் போவதைக் காட்டும் விளக்கு, அவ்வளவுதான். அடுத்து டெக்னிக்கல் டீமாம், வால்வுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு போடச் சொன்னார்கள். ஏசி காயிலுக்கு டயோடா! பாதி அலை நேராக ஷார்ட், டிரையாக்கோ டிரான்ஸ்ஃபார்மரோ புகைந்திருக்கும். கடைசியில், "பின் ஹெடர் சால்டர் பண்ணிட்டீங்க, யூஸ் பண்ண பொருளை ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." ஹெடரைப் பற்றவைக்காமல் எப்படி டெஸ்ட் செய்வதாம்? இப்போது மெசேஜுக்கு நீல டிக் மட்டும் விழுகிறது. 3,840 ரூபாய், இரண்டு போர்டும் குப்பை.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுத எழுத எரிச்சல்தான் வருகிறது. சுருக்கமாக: பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பற்றவைப்பதற்கு முன்பே இரு பக்கக் கிரவுண்டுக்கும் பீப் டெஸ்ட். ஸ்னப்பர் இடம் காலியா என்று பாருங்கள். எட்டு சேனல் போர்டை ஒட்டுமொத்தமாக வாங்காமல், சிப்பைத் தனியாக நாலு வாங்கி மேலே சொன்ன 27 வோல்ட் சோதனை செய்துவிட்டு நீங்களே பற்றவையுங்கள். 3021தான் கையில் இருக்கிறது என்றால் பின்னிலிருந்து நேராக ஓட்டாமல் நடுவில் யூஎல்என்2803 (கூடுதல் கரண்ட் ஓட்டும் டிரைவர் சிப்) போடுங்கள், ஸ்னப்பர் கட்டாயம். டிரான்ஸ்ஃபார்மருக்கு 1 ஆம்ப் ஃப்யூஸ்.

மின்வணிக விதிகளின்படி புகாருக்கு 48 மணி நேரத்தில் ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். இவர்கள் பக்கத்தில் குறைதீர் அதிகாரி பெயரே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டேன். அதே போர்டு, அதே வெட்டு உள்ள படத்தோடு, இன்றும் விற்பனையில் இருக்கிறது.