போரூரில் 18 நாள்: வரி, குப்பை, மழைத் தண்ணீர்

அக்டோபரில் வந்தால் மழையில் மாட்டிக்கொள்வாய் என்று அம்மா சொன்னதைக் கேட்காமல்தான் கிளம்பினேன். அப்பா போய் இரண்டு வருடமாகியும் வீட்டு வரி அவர் பெயரிலேயே ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மாற்றத்தை மெல்போர்னிலிருந்தே முடித்துவிடலாம் என்று நினைத்து நினைத்தே காலம் போய்விட்டது.

எங்கள் வீடு போரூரில். அப்பா மனை வாங்கியபோது அது பேரூராட்சி. 2011-ல் 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சியைச் சேர்த்து 174 சதுர கிலோமீட்டர் சென்னையை 426 ஆக்கினார்கள். நாங்களும் உள்ளே வந்தோம். "இனிமே நாமளும் மெட்ராஸ்காரங்கதான்" என்று பக்கத்து வீட்டு மாமா அன்றைக்கு லட்டு கொடுத்தார்.

அதே மாமாதான் 2022-ல் வரி ஏறியதும் தெருவில் நின்று கத்தினாராம். 1998-க்குப் பிறகு சென்னையில் பொதுச் சீராய்வே நடக்கவில்லை. 24 வருடம் கழித்து ஒரே போடாகப் போட்டார்கள். 1,201 முதல் 1,800 சதுர அடி வரையுள்ள வீட்டுக்குப் பழைய சென்னையில் 100 சதவீத உயர்வு, எங்களைப் போல் பின்னால் சேர்ந்த பகுதிகளில் 75. பிறகு 2024-ல் இன்னொரு 6 சதவீதம். எனக்கு மாமா அளவுக்குக் கோபம் வரவில்லை. 24 வருடம் ஏறாத சம்பளம் எங்கே இருக்கிறது? வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. தேர்தலுக்குப் பயந்து தள்ளிப்போட்டே சேர்த்துவைத்துவிட்டார்கள் என்பது என் கணக்கு.

கட்டுவது இப்போது ரொம்பச் சுலபம். அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். சித்தப்பா பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, காபி ஆறுவதற்குள் போனிலேயே கட்டிவிட்டேன். வேலை முடிந்தது என்று எழுந்தால், "அக்கா, தண்ணி வரி?" என்கிறான். குடிநீர், கழிவுநீர் வரி மாநகராட்சிக்குப் போவதில்லை. 1978-லிருந்தே குடிநீர் வாரியம் தனிக் கடை. வரி எண்ணும் வேறு. அந்த எண் எழுதிய அட்டையைத் தேடியதில் ஒரு மத்தியானம் போனது. அரிசி டின்னுக்கு அடியில் இருந்தது.

குப்பை விஷயத்தில்தான் அசந்துபோனேன். காலை ஏழுக்குள் பேட்டரி வண்டி வந்துவிடுகிறது. முதல் நாள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி நீட்டினேன். வண்டியோடு வந்த தூய்மைப் பணியாளர் அம்மா வாங்கவில்லை. பையைப் பிரித்து, வாழைப்பழத் தோலை ஒரு பக்கமும் பால் கவரை இன்னொரு பக்கமும் போட்டுக் காட்டிவிட்டு, "வெளிநாட்டுல எப்படிப் போடுவீங்க?" என்று கேட்டார். அங்கே பிரித்துத்தான் போடுகிறேன். ஊருக்கு வந்தால் மட்டும் எனக்கு அது மறந்துபோகிறது.

இரண்டு நாளில் பேச்சுப் பழக்கமாகிவிட்டது. 2025 ஆகஸ்டில் மாநகராட்சியின் 5, 6-ஆம் மண்டலக் குப்பை வேலையைத் தனியாரிடம் கொடுத்ததற்காகத் தூய்மைப் பணியாளர்கள் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்ததைப் பற்றிக் கேட்டேன். "நாங்க ஏற்கெனவே கான்ட்ராக்ட்தான்மா. உட்கார்ந்தா அன்னிக்குச் சம்பளம் போச்சு" என்றார், கையுறையை உதறிக்கொண்டே. வரி ஏறியதற்குக் கத்திய தெருவில் இவர் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

பன்னிரண்டாம் நாள் ராத்திரி அம்மா சொன்ன மழை வந்தது. முன்பெல்லாம் எங்கள் தெருவில் முழங்கால் வரை நிற்கும், மறுநாள் பால்காரர் வரமாட்டார். இந்தத் தடவை கணுக்கால் வரைதான். காலையில் எட்டிப் பார்த்தபோது வடிந்திருந்தது. முனையில் தெருவிளக்கு மட்டும் போய்விட்டது. மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்தேன். ரிப்பன் மாளிகை கட்டி முடித்த ஆண்டும் அதுதான் என்பதால் எனக்கு அந்த எண் மறப்பதில்லை. மறுநாள் சாயங்காலம் விளக்கு எரிந்தது.

வடிகாலுக்கெல்லாம் காசு எங்கிருந்து வருகிறது என்று மாமாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வடசென்னைப் பக்கம் கொசஸ்தலையாற்று வடிநிலத்தில் நடக்கும் மழைநீர் வடிகால் வேலைக்காக, 2025 மே மாதம் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டுப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது என்றேன். "கடனா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்போ வரி இன்னும் ஏறும்" என்று சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். மறுத்துச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சரி, வந்த வேலை? அது முடியவில்லை. தப்பு என்னுடையதுதான். வாரிசுச் சான்றிதழ் இருந்தது, இறப்புச் சான்றிதழ் இருந்தது, தங்கையின் சம்மதக் கடிதம் இல்லை. அவள் தோஹாவில் இருக்கிறாள். டிசம்பரில் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அதனால் நான் கட்டிய வரிக்கும் ரசீது அப்பா பெயரில்தான் வந்திருக்கிறது. அம்மா அதைப் பிரிண்ட் எடுத்து வரச்சொல்லி, நாலாக மடித்து, பேரூராட்சிக் காலத்து ரசீதுகள் இருக்கும் மஞ்சள் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள்.