நீல நிறத்தை நம்பி மாஸ்கிங் டேப் வாங்காதீர்கள்

பெயின்ட் அடிக்கும்போது பக்கத்தில் படாமல் ஓரத்தை மறைக்க ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? ஒரு நிமிடம் இதைப் படித்துவிடுங்கள். "பெயின்டர்ஸ் டேப், 14 நாள் ஆனாலும் பசை தங்காமல் உரியும், 50 மீட்டர்" என்று போட்டிருந்த நீல ரோலை ஜன்னல் சட்டத்துக்குப் பெயின்ட் அடிக்க வாங்கினேன். போட்டிருந்த மூன்றும் பொய்.

ஓரங்களை விரல் நகத்தால் நன்றாக அழுத்தித்தான் ஒட்டினேன். அப்படியும் பெயின்ட் அடியில் கசிந்து கோடு பல்லுப் பல்லாக வந்தது. மறுநாள் உரித்தால், டேப் நார் நாராகக் கிழிகிறது. காகிதம் மட்டும் கையோடு வர, பசை கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. பக்கத்துச் சுவரில் எப்போதோ அடித்துக் காய்ந்த பெயின்ட் செதில் செதிலாகப் பெயர்ந்தது.

சாதாரண மாஸ்கிங் டேப் என்பது சுருக்கம் வைத்த காகிதத்தில் பெரும்பாலும் ரப்பர் பசை தடவியது. நேரம் போகப் போகப் பிடி இறுகும், வெயில் பட்டால் இன்னும் மோசம். வேலை முடிந்த அன்றே உரித்துவிட வேண்டும். நாள்கணக்கில் விட்டுவைக்க, மென்மையான பசை கொண்ட தனி ரகம் இருக்கிறது. அது பெரும்பாலும் நீலமாக வருவதால், சாதாரணக் காகிதத்துக்கு நீலச் சாயம் ஏற்றி விற்கிறார்கள். 1925-இல் 3எம் நிறுவனத்தின் ரிச்சர்ட் ட்ரூ இந்த டேப்பை உருவாக்கியதே, காருக்கு இரண்டு நிறம் அடிக்கும்போது பெயின்ட் பெயராமல் உரிய வேண்டும் என்பதற்காகத்தான். உரியாத மாஸ்கிங் டேப்பை வைத்து என்ன செய்வது?

நீளத்தில் நடப்பது பச்சை ஏமாற்று. முழுதாகப் பிரித்து அளக்கத் தேவையில்லை, ஸ்கேல் போதும். வழக்கமான டேப்பின் தடிமன் 0.13 மி.மீ. அளவு. நடு அட்டை வளையத்தின் உள்விட்டம் பெரும்பாலும் 76 மி.மீ. அந்த வளையத்தில் 50 மீட்டர் சுற்றினால், வளையத்துக்கு மேல் டேப் மட்டுமே சுமார் 2 செ.மீ. நிற்கும். எனக்கு வந்ததில் 1 செ.மீ. கூட இல்லை, 20 மீட்டர் இருந்தாலே அதிகம்.

விற்றவரிடம் கேட்டால், "வெயிலில் ஒட்டியிருப்பீர்கள்" என்றார். ஜன்னலின் உள்பக்கம், நிழல் என்று படம் அனுப்பினேன். உடனே, "பிரித்த ரோலைத் திரும்ப எடுக்க மாட்டோம்." பிரிக்காமல் பசையை எப்படிச் சோதிப்பதாம்?

இதைவிடப் பெரிய ஆபத்து அவர்கள் போட்டிருந்த படம் ஒன்றில்: மின்வயர் இணைப்பில் இதே டேப்பைச் சுற்றியிருக்கிறார்கள். இது காகிதம். மின்சாரத்துக்குக் காப்பு ஆகாது, சூடேறினால் தீப்பிடிக்கும். தயவுசெய்து அதைப் பார்த்து யாரும் செய்துவிடாதீர்கள்.

என்னைப் போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு: பசை மேல் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் காட்டி, இளகியதும் மெதுவாகத் துடைத்தெடுங்கள். கண்ணாடி என்றால் சமையல் எண்ணெய் தடவிச் சற்று ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவலாம். சுவரில் எண்ணெய் வேண்டாம், கறை நின்றுவிடும். இனி வாங்கினால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஸ்கேல் வைத்து அளப்பதும் அதிலேயே பதிவாகட்டும். பிறகு கண்ணில் படாத மூலையில் ஒரு துண்டு ஒட்டி, மறுநாள் உரித்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.