சனல் நம்பர் 23

ரொறொன்ரோவிலிருந்து நாலு கிழமை லீவில் கொழும்புக்குப் போனேன். பாதி நாள் அம்மாவின் டொக்டர்மாரோடு போய்விட்டது. அம்மாவுக்கு 74. அப்பாவின் ஆட்டத்திவசம் முடிந்து மூன்று மாதம். வெள்ளவத்தை ஃபிளாட்டில் காலமை குடித்த தேத்தண்ணிக் கோப்பை பின்னேரமும் கழுவாமல் கிடந்ததைக் கண்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கோப்பையை அப்படி விடுகிற ஆள் இல்லை அவ.

முதலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணினோம், அதாவது டொக்டரைப் பார்க்க நம்பர் எடுத்தோம். நம்பர் 23. ஐந்தரைக்கு வரவேண்டிய டொக்டர் ஏழேகாலுக்கு வந்தார். நித்திரை வருதா, சாப்பிடுறீங்களா என்று இரண்டு கேள்வி, மனச்சோர்வுக்குக் குடுக்கிற செர்ட்ராலின் குளிசை எழுதியாச்சு. அம்மா பிரஷருக்கு நீர் போகிற குளிசை போடுகிறா என்று நான் வாயெடுக்க, அடுத்த நம்பரைக் கூப்பிட்டு விட்டார்கள். இரண்டும் சேர்ந்தால் வயதானவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் இறங்கக்கூடும், தலை சுற்றும், விழுவார்கள். குளிசை எழுதினதில் எனக்குக் குறையில்லை. இதைக் கேட்காமல் எழுதினதுதான் பொறுக்கவில்லை.

பக்கத்து வீட்டு அன்ரி சொல்லி இன்னொரு டொக்டரிடம் போனோம்.

"அம்மா, 15 கேள்வி கேக்கப்போறன். ஓம், இல்லை எண்டு சொன்னாக் காணும்."

வெளியே போவதைவிட வீட்டில் இருக்கத்தான் விருப்பமா என்ற கேள்விக்கு அம்மா ஓமும் சொல்லவில்லை, இல்லையும் சொல்லவில்லை. "வெளியிலை ஆரோட போறது, டொக்டர்?"

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டா.

தைரோயிட், பி12, சோடியம் எல்லாம் பார்க்க எழுதித் தந்தா. இது இலேசான மனச்சோர்வு, நடையில் தொடங்கலாம் என்றா. நடந்தால் மாறுமோ என்று கேட்டேன். 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 50 வயது தாண்டிய 156 பேரை வைத்துப் பார்த்தார்களாம். 16 கிழமை முடிய, உடற்பயிற்சி செய்தவர்களும் செர்ட்ராலின் போட்டவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தார்கள். குளிசை கொஞ்சம் கெதியாய்க் கேட்டது, அவ்வளவுதான். "ஆனா அங்கை பக்கத்திலை ஆள் நிண்டு செய்விச்சது. அம்மாவைத் தனிய அனுப்பாதேங்கோ. ஆறு கிழமையிலை மாறேல்லை எண்டால் குளிசை. சாப்பாடு குறைஞ்சாலோ, இருந்தென்ன எண்ட கதை வந்தாலோ அண்டைக்கே வாங்கோ."

நான் கொண்டுபோன நடை சப்பாத்தைப் பார்த்து, "கலியாண வீட்டுக்கோ போறன்?" என்று அம்மா ஒதுக்கி வைத்துவிட்டா. செருப்போடுதான் மரைன் டிரைவ். ஒரு பக்கம் றெயில் பாதை, அதற்கு அங்காலை கடல். முதல் நாள் இரண்டு ஒழுங்கை தாண்ட முழங்கால் நொந்து திரும்பினோம். இரண்டாம் கிழமை அன்ரியும் அம்மாவும் மீன் விலை கதைத்தபடி முன்னுக்குப் போக, நான்தான் பின்னால் இழுபட்டேன்.

நான் பிளேன் ஏறும்போது நடை தொடங்கி மூன்று கிழமை. நித்திரை பரவாயில்லை, சாப்பாடு இன்னும் அரைவாசிதான். அந்த 15 கேள்வியையும் மறுபடி கேட்க இன்னும் மூன்று கிழமை கிடக்கிறது. நம்பர் 4 எடுத்திருக்கிறோம். அன்ரி கூட்டிக்கொண்டு போவா.