பதின்மூன்று அணிகளா, கடல் கடந்த ஐந்தாண்டுகளா, பத்தாண்டுக் காத்திருப்பா?

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் 30 அணிகள் உள்ளன. அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள் என்று வைத்துக்கொண்டால், உலகம் முழுவதிலிருந்தும் 450 பேருக்குத்தான் அங்கே இடம். அந்தப் பட்டியலின் முதல் இருநூறு பேரைப் பற்றி நாம் ஓயாமல் பேசுகிறோம். கடைசி நூறு இடங்களுக்காக ஆண்டுதோறும் முட்டிமோதும் ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்காவில் ‘ஜர்னிமேன்’ என்று அழைக்கப்படும் இவர்கள், திறமையில் உலகின் மிகச் சிறந்த ஐந்நூறு பேருக்குள் அடங்குபவர்கள். ஆனாலும் அடுத்த மாதம் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாதவர்கள். அணியணியாக மாறியபடி என்.பி.ஏ.வுக்குள்ளேயே பிழைத்துக்கொள்வது, வெளிநாட்டு லீக்குகளுக்குப் போவது, துணை லீக்கில் வாசலருகே காத்திருப்பது என மூன்று வழிகள்தான் இவர்கள்முன் உள்ளன. இஷ் ஸ்மித், பி. ஜே. டக்கர், ஆண்ட்ரே இங்கிராம் ஆகிய மூவரின் வாழ்க்கையை வைத்து இம்மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தால், இருபத்திரண்டு வயதில் கழற்றிவிடப்படும் ஒருவருக்கு இரண்டாவது வழியே மேலானது என்பது என் கருத்து.

முதல் வழிக்கு இஷ் ஸ்மித்தைவிடப் பொருத்தமான சான்று இல்லை. வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் ஆடி முடித்த அவரை, அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்ளும் 2010ஆம் ஆண்டுத் தேர்வில் எந்த அணியும் எடுக்கவில்லை. ஹூஸ்டன் அணியில் நுழைந்தவர், சில மாதங்களிலேயே அணித் தோழர் ஷேன் பேட்டியருடன் சேர்த்து மெம்ஃபிஸுக்கு அனுப்பப்பட்டார். அதன்பின் கோல்டன் ஸ்டேட், ஒர்லாண்டோ, மில்வாக்கி, ஃபீனிக்ஸ், ஒக்லஹோமா சிட்டி, ஃபிலடெல்ஃபியா, நியூ ஆர்லியன்ஸ் என்று முதல் ஆறு சீசன்களுக்குள் ஒன்பது அணிகளின் சட்டையை அணிந்துவிட்டார். டெட்ராய்ட், வாஷிங்டன், சொந்த ஊரான சார்லட் ஆகியவற்றைக் கடந்து 2022இல் டென்வருக்குப் போனபோது அது அவருக்குப் பதின்மூன்றாவது அணி. சக்கி பிரவுன், ஜிம் ஜாக்சன், டோனி மாசன்பர்க், ஜோ ஸ்மித் ஆகியோர் பன்னிரண்டு அணிகளுடன் வைத்திருந்த சாதனை அத்துடன் முறிந்தது.

இத்தனை முறை கைவிடப்பட்டவரை இத்தனை முறை ஏன் அழைத்தார்கள் என்பதே இங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஸ்மித் ஒரு பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுசென்று ஆட்டத்தை நடத்துபவர். தொலைவிலிருந்து எறிவதில் அவர் கைதேர்ந்தவர் அல்லர். ஆனால் பந்தைத் தட்டிக்கொண்டு முதல் இரண்டு அடியிலேயே எதிராளியைக் கடந்துவிடும் வேகம் அவரிடம் இருந்தது. அந்த வேகத்தைப் பயன்படுத்த எந்தப் பயிற்சியாளரின் திட்டத்தையும் மாதக்கணக்கில் கற்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் 24 அன்று ஃபிலடெல்ஃபியா அவரை நியூ ஆர்லியன்ஸிடமிருந்து இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வு உரிமைகளைக் கொடுத்து வாங்கியபோது, அந்த அணி 31 ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றிருந்தது. இரண்டே நாள் கழித்து, அணித் தோழர்களோடு பயிற்சி செய்யக்கூடப் போதிய நேரமின்றி ஃபீனிக்ஸில் களமிறங்கினார். அந்த ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியா வென்றது. ஒரே நாளில் புரிந்துகொள்ளப்படும் திறமை என்பது இதுதான். அத்தகைய திறமை உள்ளவருக்கே இந்த வழி ஒத்துவரும்.

இதற்குச் சம்பள விதியும் துணை நிற்கிறது. மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ அனுபவமுள்ள ஒருவரை ஓராண்டுக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தில் எடுத்தால், இரண்டாண்டு அனுபவத்துக்குரிய தொகைக்கு மேற்பட்ட பகுதியை லீக் நிர்வாகமே ஏற்றுக்கொள்கிறது. அனுபவம் கூடக்கூட விலை ஏறி, அதனாலேயே வேலை போய்விடும் நிலை இதனால் ஓரளவு தவிர்க்கப்படுகிறது. இருந்தும், ஸ்மித்துக்குக் கிடைத்த மிகப் பெரிய ஒப்பந்தம் 2016இல் டெட்ராய்ட் தந்த மூன்றாண்டு, 1.8 கோடி டாலர் ஒப்பந்தம்தான். அதற்கு அவர் ஆறு ஆண்டுகள் பெட்டி கட்ட வேண்டியிருந்தது. 2023இல் டென்வர் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இருந்தார் என்பது நிறைவளிக்கும் செய்தி என்றாலும், அந்த ஆட்டங்களைப் பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்தே பார்த்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த வழியின் பெருங்குறை, ஆட்டம் வளராது என்பதுதான். எட்டு நிமிடம் களத்தில் நிற்க வாய்ப்புக் கிடைப்பவர், அந்த எட்டு நிமிடத்தில் தவறு செய்யாமல் இருப்பதையே பார்ப்பார். புதியதொரு வித்தையை முயன்று பார்க்க மாட்டார். அந்த வளர்ச்சியைத்தான் டக்கர் கடல் கடந்து தேடிக்கொண்டார்.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் கூடைக்கு அருகே நின்று புள்ளி குவித்த டக்கரை, 2006ஆம் ஆண்டுத் தேர்வில் 35ஆவது இடத்தில் டொராண்டோ எடுத்தது. ஏறத்தாழ 196 சென்டிமீட்டர் உயரம் நமக்குப் பெரிதாகத் தோன்றலாம், என்.பி.ஏ.வில் கூடைக்கு அருகே நின்று ஆடுவதற்கு அது குட்டை. 17 ஆட்டங்களோடு டொராண்டோ அவரை விடுவித்தது. அடுத்த ஐந்தாண்டுகள் இஸ்ரேல், உக்ரைன், கிரீஸ், இத்தாலி, ஜெர்மனி என்று கழிந்தன. 2008இல், மக்காபி டெல் அவிவ் அணி ஆண்டுக்கணக்கில் விட்டுக்கொடுக்காத இஸ்ரேல் பட்டத்தை ஹப்போயல் ஹோலோன் வென்றபோது அதன் முதன்மை ஆட்டக்காரர் அவர்தான். 2012இல் பாம்பெர்க் அணியுடன் ஜெர்மன் பட்டத்தையும் வென்றார். அந்த ஆண்டே ஃபீனிக்ஸ் அவரை அழைத்தது. போனவர் வேறு, திரும்பி வந்தவர் வேறு. எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரோடு ஒட்டி நின்று தடுப்பதும், களத்தின் மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவதும் அவருடைய தொழிலாகிவிட்டிருந்தன. நடுவிலிருந்து எறிந்தால் 7.24 மீட்டர் தூரமுள்ள மூன்று புள்ளிக் கோடு, மூலையில் 6.7 மீட்டராகக் குறைகிறது. பிற்காலத்தில் ஹூஸ்டன் அணியில் அந்த அரை மீட்டர்ச் சலுகையையே வைத்து அவர் தம் பிழைப்பை நடத்தினார் என்றால் மிகையாகாது.

2021 ஜூன் 19 அன்று நடந்த ஓர் ஆட்டத்தை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. மில்வாக்கிக்கும் புரூக்ளினுக்கும் இடையிலான பிளேஆஃப் மோதலில், முடிவைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டம். கடைசி நொடிகளில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்த புரூக்ளினின் கெவின் டுரான்ட், திரும்பி எழும்பி எறிகிறார். அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டியபடி நிற்பவர், அப்போது மில்வாக்கிக்கு ஆடிய டக்கர். பந்து கூடைக்குள் விழுகிறது; ஆனால் டுரான்டின் ஷூ நுனி மூன்று புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் அது இரண்டு புள்ளியே. ஆட்டம் சமனாகிக் கூடுதல் நேரத்துக்குப் போக, மில்வாக்கி 115-111 என்று வென்றது. அன்று டுரான்ட் 48 புள்ளிகள் எடுத்தார் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்த நுனிக்கால் கோட்டின்மேல் விழுந்ததில், ஓர் அங்குல இடமும் தராமல் நெருக்கிய தடுப்பாளருக்குப் பங்கே இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அடுத்த மாதம் மில்வாக்கி கோப்பையை வென்றது.

வெளிநாட்டு வழியை மெச்சுவோர் அதன் கரடுமுரடை மறைக்கக் கூடாது. அங்கே ஆட்டம் 48 நிமிடமல்ல, 40 நிமிடம். ஆட்டங்கள் குறைவு, பயிற்சி அதிகம். பல சங்கங்கள் (கிளப்புகள்) வீடும் காரும் தந்து, வரியையும் தாங்களே கட்டிவிடுகின்றன. ஆனால் பணம் பாக்கி வைக்கும் சங்கங்களும் இருக்கின்றன. அத்தகைய வழக்குகளைத் தீர்ப்பதற்கென்றே பன்னாட்டுக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஒரு நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டி வந்தது என்பதிலிருந்தே நிலைமையை ஊகிக்கலாம். மேலும், வெளிநாட்டு ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்குப் பல நாட்டு லீக்குகளில் வரம்பு உண்டு என்பதால், வரவழைக்கப்பட்டவர் சராசரியாக ஆடினால் போதாது. இரண்டு மூன்று ஆட்டங்களில் சோர்ந்தாலே விமானச் சீட்டு கைக்கு வந்துவிடும். திரும்ப அழைக்கப்படுவோரும் சிலரே. எனினும் திரும்பாதவர்கள் தோற்றவர்கள் அல்லர். பாஸ்டன் அணியில் ஓரளவு ஆடிவந்த ஷேன் லார்கின், 2018இல் இஸ்தான்புல்லின் எஃபெஸ் அணிக்குப் போய், மறு ஆண்டே, ஐரோப்பியச் சங்கங்களின் முதன்மைத் தொடரான யூரோலீக்கின் ஆட்டம் ஒன்றில் 49 புள்ளிகள் எடுத்தார். 2021, 2022 ஆகிய இரு ஆண்டுகளிலும் யூரோலீக் கோப்பையை வென்றார். அமெரிக்காவில் பெஞ்சிலிருந்து எழுந்து வருபவராக இருந்திருக்கக்கூடிய ஒருவர், அங்கே ஒரு நகரமே கொண்டாடும் நாயகரானார்.

மூன்றாம் வழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அது மனத்தை நெகிழ்விக்கும் வழி. பரிந்துரைக்கத்தக்க வழி அன்று. இயற்பியல் பட்டதாரியான இங்கிராம், இப்போது ஜி லீக் எனப்படும் துணை லீக்கில் பத்து ஆண்டுகள் ஆடிய பிறகு, 2018 ஏப்ரல் 10 அன்று, 32ஆவது வயதில், லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணிக்காக முதன்முதலாக என்.பி.ஏ. களத்தில் இறங்கினார். நரை கண்ட தலையோடு வந்தவர் எறிந்த ஐந்து மூன்று புள்ளி எறிதல்களில் நான்கு உள்ளே விழுந்தன, 19 புள்ளிகள். அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. ஆனால் துணை லீக்கில் ஒரு முழு சீசனுக்கான சம்பளமே அப்போது பலருக்கு 19 ஆயிரம் டாலர் அளவில்தான் இருந்தது. அவர் இடையில் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தார். பத்து நாள் ஒப்பந்தம் என்பது ஜனவரியில் தொடங்கி, ஒரே அணியில் ஒரு சீசனுக்கு இரண்டு முறைதான் கிடைக்கும் என்ற நிலையில், அந்த வாசலில் காத்திருப்போருக்குக் கதவு திறக்கும் நேரம் மிகக் குறுகியது. ஒருவரை என்.பி.ஏ. அணியிலும் துணை லீக் அணியிலும் மாறி மாறி ஆடவைக்கும், 2017இல் வந்த இருவழி ஒப்பந்தங்கள் இந்த நிலையைச் சற்று மாற்றியுள்ளன. அவை கிடைக்குமானால் ஓராண்டு, இரண்டாண்டு காத்திருப்பதில் பொருளுண்டு. பத்தாண்டு காத்திருப்பது வேறு.

டக்கரின் வழியை நான் முன்னிறுத்தினாலும் ஒரு விலக்கு உண்டு. மூன்று சீசன் பணிக்காலம் நிறைந்தால்தான் என்.பி.ஏ. ஓய்வூதியத்துக்கு உரிமை வருகிறது. ஓய்வுபெற்றோருக்காக 2016இல் ஏற்பட்ட மருத்துவக் காப்பீட்டுக்கும் குறைந்தது மூன்று ஆண்டுகள் வேண்டும். ஆகவே இரண்டு சீசன்களை முடித்துவிட்டு விடுவிக்கப்படுபவர், இஸ்தான்புல்லோ மிலானோ எவ்வளவு தருவதாகச் சொன்னாலும், மூன்றாவது சீசனை எந்த அணியின் பெஞ்சிலாவது குறைந்தபட்சச் சம்பளத்துக்கு உட்கார்ந்து முடித்துவிட்டு, அதன்பிறகே கடவுச்சீட்டைக் கையில் எடுக்க வேண்டும்.